தங்கநேசத்துக்குப் பகரம்

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் சுவரோடு சுவராக ஹெட்மிஸ்ட்ரஸ் நின்றார். எதிரே நான்காம் வகுப்புப் பெண்கள், எண்ணெய் வழியப் படிய வாரிய தலைகளோடு, மூச்சைக்கூட ஒழுங்காக விட்டுக்கொண்டிருந்தார்கள்.

மேசைமேல் ஒரு பித்தளைப் பேசின். ஒரு செம்பில் வெந்நீர், ஒரு செம்பில் பச்சைத் தண்ணீர். பக்கத்தில் சோப்பும் மடித்த துவர்த்துத் துண்டும். நடுவில், பள்ளிக்கூட அலமாரியிலிருந்து எடுத்து வந்த மரப்பொம்மை. அன்றைக்கு அதுதான் கைக்குழந்தை.

பாடத்தின் பெயர் ‘குழந்தையைக் குளிப்பாட்டுதல்’. எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் நான் கடைக்குட்டி. கைக்குழந்தை ஒன்றைக் கையில் வாங்கிய பழக்கமே கிடையாது.

கைக்கு அகப்பட்ட செம்பை எடுத்துப் பேசினில் கவிழ்த்தேன். ஆவி எழும்பி முகத்தில் அடித்தது. பொம்மையைத் தூக்கி அதில் இறக்கினேன். அதன்மேல் பூசியிருந்த சிவப்புச் சாயம் சூட்டில் இளகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பேசின் தண்ணீர் ரத்தமாகச் சிவந்தது. முன்பெஞ்சில் யாரோ விசும்பத் தொடங்கினார்கள்.

இங்கே நான் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தப் பேசின் பக்கத்தில் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைச் சொல்லாமல் விட்டால், என்னை வெறும் முட்டாள் என்று வாசகர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். முட்டாள்தான். ஆனால் வெறும் முட்டாள் இல்லை.

சாரும் சாறும்

யுத்த காலம். பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்து, பஸ்கள் கரிப்புகையில் ஓடிக்கொண்டிருந்தன. ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு நாகர்கோவிலில் சும்மா இருந்த எனக்கு, திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. அங்கே தமிழில் நான்காம் வகுப்பு எடுக்கிற தங்கநேசம் என்பவர் பிரசவ லீவில் போகிறார். அவர் திரும்பி வரும்வரை அவருக்குப் பதிலாக நிற்க ஒரு பெண் வேண்டும்.

அப்பா தெரு முழுக்க ‘சர்க்கார் வேலை’ என்று சொல்லிவிட்டார். ‘லீவ் வேகன்சி’, லீவில் போனவர் வரும்வரைதான் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது அவருக்கு ஒரு சின்ன விஷயமாகத் தோன்றியிருக்கலாம்.

கரி பஸ்ஸில் முன்வரிசையில் இடம் கிடைத்த சந்தோஷத்தில் முகத்தைக் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டே வந்தேன். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது பெயரை அல்ல. முகம் கழுவ இடம் வேண்டுமா என்றுதான் கேட்டார்.

அந்தப் பக்கத்தில் சொல்லிக் கொடுக்கிறவர் ஆணானாலும் பெண்ணானாலும் ‘சார்’தான். நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளைகள் வாயில் அது ‘சாறு’ ஆகிவிடும். பாளையங்கோட்டையிலிருந்து என்னைப் பார்க்க வந்த அத்தை, பிள்ளைகள் “சாறு, சாறு” என்று ஓடி வந்ததைப் பார்த்து, இந்த வெயிலுக்கு எலுமிச்சம்பழச் சாறா, நன்னாரிச் சாறா என்று விசாரித்தாள்.

என்னை வெறும் சார் என்று யாரும் கூப்பிடவில்லை. மலையாளத்தில் பதிலாள் என்பதற்குப் ‘பகரம்’ என்பார்கள். முதல் நாளே நான் ‘பகரம் சார்’ ஆகிவிட்டேன்.

பசு பாடம்

நான் சின்ன வகுப்பில் படித்தபோது எங்களுக்கும் ஒரு பதிலாள் வாத்தியார் வந்தார். நல்ல மனுஷர். ஆனால் எந்தப் பாடம் வரை நடந்திருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. புத்தகத்தைத் திறந்தார். பசு பாடம் வந்தது. நடத்தினார். மறுநாளும் திறந்தார், மறுபடியும் பசு. நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் வாத்தியாருக்குக் காய்ச்சல் இறங்குகிற வரைக்கும் அந்தப் பசு எங்கள் வகுப்பில் மேய்ந்துகொண்டேயிருந்தது. இன்றைக்கும் என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் பசுவின் பயன்களை ஒப்பிப்பேன்.

நான் அந்த மாதிரி ஆகக்கூடாது என்று உறுதி எடுத்துக்கொண்டுதான் போனேன். ஆனால் என் வகுப்பில் வாயைத் திறக்காத பிள்ளைகள் இல்லை.

முன்பெஞ்சில் அலமேலு என்று ஒரு பெண் இருந்தாள். கிழக்கேகோட்டை அக்ரஹாரத்தில் வீடு. தகப்பனாருக்குக் கோவில் மடைப்பள்ளியில் வேலை. நான் கரும்பலகையில் தேதி எழுதினால் அவள் எழுந்து நிற்பாள். “எங்க சார் தேதியை வலப்பக்கம்தான் எழுதுவா.” நான் கணக்கை முதலில் எடுத்தால், “எங்க சார் பாட்டுக்கு அப்புறந்தான் கணக்கு எடுப்பா.” நான் தும்மினால்கூட, எங்கள் சார் தும்ம மாட்டாள் என்று சொல்லிவிடுவாளோ என்று அடக்கிக்கொள்வேன்.

பதிலாளாகப் போகிறவருக்கு வேலை இன்னது என்று எந்தப் புத்தகத்திலும் எழுதி வைத்திருக்கவில்லை. அதனால் எழுதாதது எல்லாமே அவர் வேலை. மணி அடிக்கிறவர் வராவிட்டால் நான் மணி அடித்தேன். மத்தியானம் பிள்ளைகளின் தூக்குவாளிகளைக் காக்கையிடமிருந்து காத்தேன். டிரில் சார் காதுக்குத்து வீட்டுக்குப் போன அன்று, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ‘லெஃப்ட், ரைட்’ சொன்னேன். எனக்கே எது லெஃப்ட் என்று சந்தேகம் வந்ததால் வகுப்பில் பாதி மாமரத்துப் பக்கமும் பாதி கிணற்றுப் பக்கமும் போய்விட்டது. கோவில் ஊர்வலத்துக்காக யானை போகிற நாட்களில், கோட்டை வாசல் தாண்டும் வரை பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். யானைக்கு அவர்களைவிட நான்தான் அதிகம் பயந்தேன்.

மணக்காட்டு வீடு

தங்குவதற்கு இடம் கொடுத்தது தங்கநேசம் அக்காதான். “வேற எங்கயும் போவாண்டாம், எனக்க வீட்டுல இருந்துக்கிடு” என்று அவளே சொன்னாள். மணக்காட்டில் ஓட்டு வீடு. நிறைமாதமாக, கட்டிலில் இரண்டு தலையணைக்குச் சாய்ந்து, ராணி மாதிரி இருந்தாள். கல்யாணமாகி எட்டு வருஷத்துக்கு அப்புறம் உண்டான பிள்ளை. பார்த்தவுடனே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. எவ்வளவு பெரிய மனசு என்று அப்பாவுக்குக் கடிதம்கூடப் போட்டேன்.

அவள் புருஷன் நேசையன் அண்ணன் ஓர் அச்சாபீசில் புரூஃப் திருத்துகிறவர். பகலெல்லாம் மற்றவர்கள் எழுதியதில் பிழை பார்த்துப் பார்த்து, வாயைத் திறந்தால் தனக்கும் பிழை வந்துவிடும் என்று பயந்தவர்போல இருப்பார். மனைவிக்கு முடியாததால் சமையல் அவர்தான். ரேஷன் அரிசியின் நாற்றத்தை மறைக்கிற மாதிரி சாளைமீன் கறி வைப்பதில் அவருக்கு நிகர் இல்லை.

பெரிய மனசின் அர்த்தம் முதல் வாரத்திலேயே விளங்கிவிட்டது. சாயங்காலம் நான் கால் கழுவிவிட்டு உள்ளே வந்ததும் கட்டிலிலிருந்து விசாரணை தொடங்கும். எந்தப் பாட்டுப் பாடினார்கள், யார் வரவில்லை, யாரை வெளியே நிறுத்தினாய், ஏன் நிறுத்தினாய். நான் பதில் சொல்வதற்கு முன்னாலேயே அவளுக்குப் பதில் தெரிந்திருக்கும். அலமேலு வீட்டுக்குப் போகிற வழியில் சுற்றிக்கொண்டு வந்து, ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டுத்தான் போவாள்.

“ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக் குடுத்தியாமே” என்றாள் ஒருநாள்.

“பிள்ளைகள் கேட்டாங்க அக்கா. ஆறு முடிஞ்சு போச்சு.”

“ஏழாம் வாய்ப்பாடு நான் கிறிஸ்மசுக்குப் பொறவுதான் எடுக்கது. இப்பமே ஏழு படிச்சா, நான் வந்து என்னத்தப் படிப்பிக்க?”

மறுநாள் நான் வகுப்பில் ஏழாம் வாய்ப்பாட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ள முயன்றேன். முடியவில்லை. படித்ததை மறக்கச் சொல்லிக் கொடுக்க என் பயிற்சிப் பள்ளியில் சொல்லித் தரவில்லை. பிள்ளைகள் அதைப் பாட்டாகவே பாட ஆரம்பித்திருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த நேசையன் அண்ணன், என்றைக்கும் இல்லாத வழக்கமாக வாயைத் திறந்தார். முந்தின வருஷம் வேறொரு பள்ளிக்கூடத்தில், தங்கநேசத்தின் சிநேகிதி ஒருத்தி இதே மாதிரி பிரசவத்துக்குப் போனாளாம். பதிலுக்கு வந்தவள் கெட்டிக்காரி. மேலிடத்துக்குப் பிடித்துப்போயிற்று. லீவு முடிந்து சிநேகிதி வந்தபோது, உனக்கு வித்துராவில் இடம் என்று மலையடிவாரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். கைக்குழந்தையோடு அங்கே போய், காய்ச்சலில் விழுந்து, கடைசியில் வேலையையே விட்டுவிட்டாள்.

“கோவிச்சுக்கிடாத பிள்ளே” என்றார். “அவளுக்கு உன்னப் பிடிக்காம இல்ல. பயம். அதான் கண்ணு முன்னால வச்சிருக்கா.”

அதற்கப்புறம் அந்த வீட்டுச் சாளைக்கறியை நான் இரண்டாம் தடவை வாங்கிக்கொள்ளவில்லை. காரணம், அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டிருந்தார். பிள்ளைகள் நன்றாக வாசிக்கிறார்கள், இன்ஸ்பெக்ட்ரஸ் வரும்போது அவருக்கும் பிடித்துவிட்டால் உன்னை இங்கேயே வைத்துக்கொள்ள வழி பார்க்கலாம் என்று மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார். தங்கநேசத்தை என்ன செய்வார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததற்குக் காரணம் இருந்தது. அந்த வேலை எனக்கு வேண்டும் என்று இருந்தது.

மரக்குழந்தை

பிரசவம் ஆஸ்பத்திரியில் நல்லபடியாக நடந்தது. ஆண் குழந்தை. பார்க்கப் போன என்னிடம் அவள் முதலில் கேட்டது, பின்னக் கணக்கு தொடங்கிவிட்டாயா என்று.

வீட்டுக்கு வந்த பிறகு குழந்தையை யாரும் தொட விடவில்லை. காலையில் குளிப்பாட்ட வருகிற பெண்ணையும், தயக்கத்தோடு நேசையன் அண்ணனையும் தவிர யாருக்கும் அனுமதி இல்லை. நான் ஒருமுறை கையை நீட்டியபோது, “சாக்பீஸ் கை” என்று சொல்லித் திருப்பிக்கொண்டாள்.

இந்தச் சமயத்தில்தான் இன்ஸ்பெக்ட்ரஸ் வரப்போகிறார் என்று தகவல் வந்தது. வழக்கத்துக்கு ரொம்ப முன்னால். தங்கநேசம் லீவு முடிந்து வந்து தானே வகுப்பைக் காட்டிவிடலாம் என்று இருந்தவள், கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அதோடு, பெண்பிள்ளைகளுக்குச் சுகாதாரப் பாடம் எப்படி நடக்கிறது என்று பார்க்க அந்த அம்மாவுக்கு ஆசையாம். குழந்தையைக் குளிப்பாட்டும் பாடத்தைச் செய்து காட்ட வேண்டும்.

என்னை வைத்துக்கொண்டு தங்கநேசம் பட்ட பாடு கொஞ்சமல்ல. பொம்மையை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி, கட்டிலில் இருந்தபடியே ஒத்திகை நடத்தினாள். தலைக்கு அடியில் கை கொடு, முழங்கையைத் தண்ணீரில் விட்டுச் சூடு பார், பச்சைத் தண்ணீர் முதலில், வெந்நீர் அப்புறம். நான் பொம்மையை ஒரு காலைப் பிடித்துத் தூக்கினால் தன் குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். விறகுக்குத் தட்டுப்பாடான காலம். ஒத்திகையெல்லாம் தண்ணீர் இல்லாமலே நடந்தது. அதனால் பொம்மைக்குச் சாயம் போகும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். நான் சொதப்பினால் அவளுக்கு நல்லது. அவளோ, நான் சரியாகச் செய்யும் வரை விடவில்லை. சில சமயம் நான் சரியாகச் செய்துவிட்டால் முகம் வாடிவிடும். மறுபடியும் செய்யச் சொல்லுவாள்.

ஜன்னல்

பேசின் சிவந்த இடத்துக்கு வருகிறேன்.

முன்பெஞ்சில் விசும்பல். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டு பார்த்தார். அப்போது ஜன்னலுக்கு வெளியே இருந்து ஒரு குரல்.

“ஏட்டி, பச்சத்தண்ணிய முதல்ல ஊத்துட்டி. பிள்ள வெந்து போவும்.”

வகுப்பு முழுவதும் எழுந்துவிட்டது. அலமேலு, “எங்க சார்” என்றாள். அழுதுகொண்டிருந்த பெண்கூடச் சிரித்தாள்.

ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் தங்கநேசம் நின்றுகொண்டிருந்தாள். தோளில் துணி சுற்றிய குழந்தை. பிள்ளையை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வருகிறேன் என்று புருஷனிடம் சொல்லிவிட்டு ரிக்‌ஷா ஏறியவள், ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. பாடம் தொடங்கியதிலிருந்து சுவருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

“ஆரா அது?” என்றார் இன்ஸ்பெக்ட்ரஸ்.

லீவில் இருக்கிறவர், சொல்லாமல் கொள்ளாமல் பள்ளிக்கூட வளாகத்துக்குள் வந்து, இன்ஸ்பெக்‌ஷன் நடக்கிற வகுப்புக்கு ஜன்னல் வழியாகப் பாடம் சொல்லிக் கொடுப்பது என்றால் சாதாரண விஷயம் அல்ல. ஹெட்மிஸ்ட்ரஸ் முகம் வெளுத்துவிட்டது. தங்கநேசத்தின் முகம் அதைவிட வெளுத்திருந்தது. நான் உண்மையைச் சொன்னால் போதும். லீவில் போன டீச்சர், தானாக வந்திருக்கிறார். அவ்வளவுதான். அவளுக்கு வித்துரா, எனக்கு அந்த வகுப்பு.

நான் பெரிய தியாகம் எதுவும் செய்யவில்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். நியாயம் அநியாயம் எல்லாம் யோசிக்க எனக்கு அப்போது நேரம் இல்லை. என் முன்னால் ஒரு பேசின் நிறைய ரத்தச் சிவப்பில் வெந்நீர் இருந்தது. குழந்தை இல்லை. அவளிடம் குழந்தை இருந்தது.

“நான்தான் வரச் சொன்னேன், மேடம்” என்றேன். “பொம்மைய வச்சு எப்படிச் செய்யக்கூடாதுன்னு முதல்ல காட்டிட்டு, நிஜக் குழந்தைய வச்சு எப்படிச் செய்யணும்னு காட்டலாம்னு.”

இந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா கண்ணைத் திறந்தார். இன்ஸ்பெக்ட்ரஸ் என்னையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, அப்படியானால் குழந்தையை உள்ளே கொண்டுவரச் சொல் என்றார்.

குளியல்

சிவப்புத் தண்ணீரை மாமரத்தடியில் கொட்டிவிட்டு, புதிதாகப் பச்சைத் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் வெந்நீரை விளாவினேன். முழங்கையை விட்டுப் பார்த்தேன். தங்கநேசமும் தன் முழங்கையை விட்டுப் பார்த்தாள். பிறகு இன்ஸ்பெக்ட்ரஸும். அப்புறம் நான் கையை நீட்டினேன்.

தங்கநேசம் அசையவில்லை. ஒரு வகுப்பே காத்திருந்தது. மேலதிகாரி காத்திருந்தார். அவள் கையிலோ எட்டு வருஷம் காத்திருந்து பெற்ற பிள்ளை. என் கையிலோ சாக்பீஸ். கடைசியில் குழந்தையை என் கைகளில் வைத்தாள். வைத்துவிட்டுத் தன் கையை எடுக்கவில்லை.

“தலை. தலைய விட்டிராத” என்று உதடு அசையாமல் சொன்னாள்.

அவ்வளவு லேசான ஒன்று இவ்வளவு பயமுறுத்தும் என்று எனக்குத் தெரியாது. பொம்மை ஒரே இடத்தில் இருக்கும். இது நாலு பக்கமும் நெளிந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, இன்னும் எண்ணெய் தேய்க்கவில்லையே என்று இன்ஸ்பெக்ட்ரஸ் கேட்டார். தேங்காயெண்ணெய் என்று தங்கநேசம் சொல்லி வாய் மூடவில்லை, வகுப்பு பிடித்துக்கொண்டது. எங்காத்தில் நல்லெண்ணெய்தான் என்றாள் அலமேலு. சாலையில் அரிசி மண்டி வைத்திருந்தவர் மகள் பாத்திமா, எங்க வீட்டில் தேங்காய்ப்பால் என்றாள். காதில் ஒரு சொட்டு விட வேண்டும் என்று ஒருத்தி, விடவே கூடாது என்று இன்னொருத்தி. மூக்கைப் பிடித்து நீட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் சப்பையாகிவிடும் என்று பின்பெஞ்சில் ஒரு குரல். அந்த வகுப்பில் அன்றைக்குத்தான் அத்தனை பேரும் ஒரே பாடத்தைக் கவனித்தார்கள்.

பிள்ளைகளை அடக்க நான் வாயைத் திறந்தேன். அதற்குள் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா எழுந்துவிட்டார். சீமையில் படித்தவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவர் வருகிறார் என்றால் ஹெட்மிஸ்ட்ரஸ்கள் விரதம் இருப்பார்கள். அப்பேர்ப்பட்டவர் ஷூவைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் வைத்தார். பாயைப் போடச் சொன்னார். சேலையை முழங்கால் வரை ஏற்றிச் செருகிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து காலை நீட்டினார்.

இதையெல்லாம் மேசையில் வைத்துச் செய்ய முடியாது, இங்கே கொடு என்றார். என் அக்காள் பிள்ளைகள் ஐந்தையும் இந்தக் காலில்தான் குளிப்பாட்டினேன் என்றும் சொன்னார். தேங்காயிலிருந்து உருக்கி எடுக்கிற உருக்கெண்ணெய்தான் வேண்டும், வேறு எண்ணெய் ஆகாது என்றபோது தங்கநேசம் வெற்றியோடு வகுப்பைப் பார்த்தாள்.

குழந்தையை அந்தக் கால்களில் குப்புறப் போட்டு அவர் முதுகில் தேய்க்க, நான் சோப்பு எடுத்துக் கொடுக்க, ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவே செம்பைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றினார். “வெள்ளம் கொறச்சு கூடி” என்று இன்ஸ்பெக்ட்ரஸ் இன்னும் கொஞ்சம் தண்ணீர் கேட்கிறபோதெல்லாம் வகுப்பே முன்னால் சாய்ந்தது. குழந்தை அழவில்லை. கொட்டாவி விட்டது. தங்கநேசம் துவர்த்தை விரித்தபடி, யாராவது எதையாவது தவறாகச் செய்யமாட்டார்களா என்று காத்துக்கொண்டு நின்றாள். யாரும் செய்யவில்லை.

தீர்ப்பு

போகும்போது இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். நனைந்த சேலை ஓரத்தைப் பிழிந்துகொண்டே, அடுத்த தடவை நிஜக் குழந்தையை வரச்சொல்லும்போது குழந்தையின் தாயாருக்கும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது என்றார். அந்த அம்மாவின் முகம் பார்த்தால் தெரிகிறது, அவருக்கு இதைப்பற்றி எதுவுமே தெரியாது என்றார். நான் சரி மேடம் என்றேன்.

அன்று சாயங்காலம் கட்டிலிலிருந்து விசாரணை வரவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தங்கநேசம் குழந்தையைச் சுவரோரமாக நகர்த்தி எனக்கு இடம் விட்டாள்.

“நீ கெட்டிக்காரியா இருந்தா எனக்குப் பயம்” என்றாள். “ஒண்ணும் தெரியாத மண்டியா இருந்தா எனக்க பிள்ளைகளுக்கு நட்டம். ரெண்டுக்கும் நடுவுல கெடந்து உருண்டேன், கேட்டியா?”

நானும் ஹெட்மிஸ்ட்ரஸ் என்னிடம் சொன்னதைச் சொல்லிவிட்டேன். கேட்க வாயில்லாமல் ஆசைப்பட்டதையும் சொன்னேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ஆசைப்படாமல் இருந்தால் நீ எதற்குப் படித்தாய் என்றாள். அடுக்களையிலிருந்து நேசையன் அண்ணன் சாப்பிடக் கூப்பிட்டார். அன்றைக்கு நான் இரண்டு தடவை கறி வாங்கிக்கொண்டேன்.

லீவு முடிந்து தங்கநேசம் தன் வகுப்புக்கே திரும்பினாள். யாரும் அவளை எங்கேயும் மாற்றவில்லை. எனக்கு இன்ஸ்பெக்ட்ரஸ் ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. கழக்கூட்டம் என்கிற ஊரில் ஒரு பள்ளிக்கூடம். நிரந்தர வேலைதான் என்று நினைத்து அப்பாவுக்குத் தந்தி கொடுக்கப் போனேன். நல்லவேளை, தந்தி ஆபீஸ் வாசலில் நின்று இன்னொருமுறை படித்தேன். அங்கேயும் ஒருவர் லீவில் போகிறார். பதிலாள் வேலைக்கு இந்தப் பெண் மிகவும் பொருத்தமானவர் என்று இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா பாராட்டி எழுதியிருந்தார். அந்தப் பாராட்டு என்னை விட்டுப் போக நெடுநாள் ஆயிற்று. அதற்கப்புறம் அந்த வட்டாரத்தில் எந்த டீச்சர் உண்டானாலும் அவருடைய தாயாருக்கு அடுத்தபடி தகவல் எனக்குத்தான் வரும்.

கழக்கூட்டத்துக்குக் கிளம்பின அன்று, கிழக்கேகோட்டை பஸ் நிற்கிற இடத்துக்குத் தங்கநேசம் குழந்தையோடு வந்தாள். வேண்டாம், வெயில் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. என் டிரங்குப் பெட்டியை மேலே ஏற்ற வைத்து, ஜன்னல் பக்கத்து இடத்தில் துவர்த்தைப் போட்டு எனக்காகப் பிடித்து, கண்டக்டரைக் கூப்பிட்டுச் சட்டமாகச் சொன்னாள்.

“இது எனக்க தங்கச்சி. கழக்கூட்டத்துல பள்ளிக்கூடத்து வாசல்ல எறக்கி விடணும். தாண்டிப் போவாண்டாம்.”

கண்டக்டர் மணக்காட்டுக்காரர். அவளைப் பல வருஷமாகப் பார்க்கிறவர். அவளுக்குக் கூடப்பிறந்த தங்கை உண்டு என்று இதுவரை தெரியாதே, சொந்தத் தங்கையா என்று கேட்டார்.

தங்கநேசம் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“இல்ல” என்றாள். “லீவ் வேகன்சி.”